தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஜடேஜா

“ஜட்டுவ தாய்வீட்டுக்கு அனுப்ச்சிட்டாங்க டீச்சர்.”

நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைக்கும் முன்பே ஜன்னலோரத்து அக்கா இதைச் சொன்னார். 2025 நவம்பர் 15, சனிக்கிழமை மாலை. வேலூரில் கல்லூரி முடித்து, ஆம்பூரில் இறங்கி, எங்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்திருந்தேன். அந்த நேரத்து பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனிப் பெண்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் காலியான டிபன் டப்பா, கையில் இன்னும் போகாத பசை வாசம். கம்பெனிக்குள் போனுக்கு அனுமதியில்லை. கேட்டில் போனைத் திரும்ப வாங்கியதும் முதலில் பார்த்த செய்தி இதுதானாம்.

அன்று காலையில்தான் அறிவிப்பு வந்திருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிலிருந்து ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போகிறார்கள். அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார். 2008இல், ஐபிஎல் தொடங்கிய முதல் ஆண்டில், ஜடேஜா ராஜஸ்தானுக்குத்தான் ஆடினார். அதனால் செய்திகளில் இது வீடு திரும்பும் வைபவமாக எழுதப்பட்டது. பஸ்ஸில் இருந்த பெண்களும் அதே வீட்டைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் பக்கம் யாராவது சொன்னால், அதற்கு அர்த்தம் வேறு.

“பன்னெண்டு சீசன் ஆடிக் குடுத்தவன். பதினெட்டுக் கோடிக்கு வச்சிருந்துட்டு இப்ப பதினாலு கோடின்னு அனுப்புறாங்க. நாலு கோடி நகையக் கழட்டி வச்சிக்கினு அனுப்புற மாதிரிதான டீச்சர் இது?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த இருபது நிமிடம் பஸ்ஸில் நடந்ததை வாதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னலோரத்து அக்காவுக்கு இது துரோகம். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவனை அனுப்பலாமா என்பது அவர் கேள்வி. செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் அதை ஏற்கவில்லை. 2025 சீசனில் சென்னை முதல் முறையாகப் பட்டியலின் அடியில் கிடந்தது. “கடைசி எடத்துல வந்துட்டு பழைய ஆளையே வச்சிக்கினு இன்னா பண்றது? தோனிக்கு அப்பறம் கீப்பர் வேணுமா, வேணாமா?” உடனே பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: “வயசாச்சின்னு அனுப்புறாங்கன்னா, நாப்பத்தி நாலு வயசு ஆள வச்சிக்கினு முப்பத்தாறு வயசு ஆள அனுப்புறது இன்னா நியாயம்?” இதற்கு யாரிடமும் பதில் இல்லை. தோனியைப் பற்றி எங்கள் ஊர்ப் பக்கம் அவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது லேசான காரியமில்லை.

ஏலக் கணக்கு எதையும் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு அணிக்கும் மொத்தம் 125 கோடி. வைத்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளம் போக மிச்சத்தை வைத்துத்தான் ஏலத்தில் கேட்க வேண்டும். சென்னையின் கையில் மிச்சம் 43 கோடியே 40 லட்சம். மாதாமாதம் ஏலச்சீட்டில் உட்காருகிறவர்கள் இவர்கள். யார் அவசரத்தில் தள்ளிக் கேட்பார், யார் கடைசி மாதம் வரை பொறுத்திருப்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். “கையில துட்டு இருக்கறவனுக்குத்தான் மொதல்ல ஆச வரும், பொறுத்தவனுக்குத்தான் லாபம்” என்று ஒருவர் சொன்னபோது அது கிரிக்கெட்டா சீட்டா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பஸ்ஸின் பின்பாதியில் ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்களும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் இளைஞன் இந்தப் பக்கம் திரும்பி, “யக்கா, ஜடேஜா லெஃப்ட் ஹேண்டா, ரைட் ஹேண்டா? அத மொதல்ல சொல்லு” என்றான். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. இந்தக் கேள்வியைச் சந்திக்காத பெண் ரசிகை இருக்க முடியாது. ஆண் ரசிகனாவதற்கு ஒரு மஞ்சள் சட்டை போதும். பெண்ணுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. செக்கிங் பெண் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. வேலை மெனக்கெட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்த சிறுவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தன் வாதத்தைத் தொடர்ந்தார்.

நான் அந்தத் தேர்வில் பங்கெடுக்காமலேயே தோற்றவள். என் அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ரேடியோவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அணியில் யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்த பிறகும் பேச்சு ஓடும். டீ கொண்டுபோய் வைப்பது என் வேலை. ஒரு முறை, தட்டைக் கீழே வைத்துக்கொண்டே, ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். பன்னிரண்டு வயதிருக்கும். அப்பா திட்டவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

பின்னாளில் சங்க அகப்பாடல்களில் அலர் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். ஊருக்குள் முணுமுணுப்பாக இருக்கும்வரை அது அம்பல். வாய்விட்டுப் பலரும் பேசத் தொடங்கினால் அலர். அந்த வாய் பெரும்பாலும் பெண்களின் வாயாகவே பாடல்களில் வருகிறது. ஆண்கள் கூடிப் பேசினால் அது அவை, மன்றம். பெண்கள் கூடிப் பேசினால் பழிச்சொல். பல நூறு பாடல்களைப் படித்து இதைக் கோட்பாடாக எழுதினேன். திண்ணையில் நடந்ததும் இதுதான் என்பது ஆய்வேட்டை எழுதி முடிக்கும்வரை எனக்குத் தோன்றவில்லை.

2023 இறுதியாட்டத்தின் இரவில் பரவிய ஒரு படத்தை இங்கே சொல்ல வேண்டும். ஜடேஜாவின் மனைவி ரிவாபா, சேலையில் முக்காடிட்டு, மைதானத்தில் கணவரின் காலைத் தொட்டு வணங்குகிறார். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அவர் குஜராத் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மறுநாள் என் மாணவிகள் பலரின் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. ‘இதுதான் பண்பாடு’ என்ற வரி கூடவே இருந்தது. குனிவதும் நிமிர்வதும் அவர் விருப்பம். என்னைத் தொந்தரவு செய்தது, கிரிக்கெட்டுக்குள் ஒரு பெண் எங்கே நிற்கலாம் என்று அந்தப் படத்தை வைத்து எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப்பட்டதுதான். டவுன் பஸ்ஸின் ஜன்னலோரத்திலிருந்து அதே ஜடேஜாவின் விலையைக் கணக்குப் போடும் பெண்ணை யாரும் படமெடுப்பதில்லை.

அந்தப் பேச்சு வேறு இடத்துக்குத் திரும்பியது எப்போது என்று சரியாக நினைவில்லை. யாரோ ஒருவர், “எங்க லைன்லயும் ஆறு பேர ரிலீஸ் பண்ணிட்டாங்க” என்றார்.

ரிலீஸ். அந்த மாதம் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல். கான்வே ரிலீஸ், பதிரானா ரிலீஸ். அதே சொல் இங்கே வேறு ஆட்களின்மேல் வந்து விழுந்தது. இந்தியப் பொருள்கள்மேல் அமெரிக்கா போட்ட வரி, ஆகஸ்ட் 27 முதல் ஐம்பது சதவீதமாகியிருந்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய எங்கள் பகுதியில் தோலும் ஷூவும் கடல் தாண்டிப் போனால்தான் அடுப்பு எரியும். அந்த லைனில் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ‘ஆர்டர் வந்தா போன் பண்றோம்’ என்றார்களாம். அந்த போனுக்காகத்தான் இந்தப் பெண்கள் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

“ஜட்டுவயாச்சும் கேட்டாங்க” என்றார் ஜன்னலோரத்து அக்கா. விதி அப்படித்தான். ஆட்டக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது. இந்த ஒன்றை அன்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கட்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு, மெஷினிலிருந்து கைவேலைக்கு, இந்த ஷெட்டிலிருந்து அந்த ஷெட்டுக்கு மாற்றப்படும்போது இவர்களை யாரும் கேட்பதில்லை. கல்யாணத்தின்போது கேட்டார்களா என்று ஒருவர் இழுத்தார். ஜடேஜா கையெழுத்துப் போட்டது விரும்பியா, வேறு வழியில்லாமலா என்று இன்னொரு வாதம் கிளம்பியது. கையெழுத்து இருந்தாலே சம்மதம் ஆகிவிடுமா? என் வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்கப் பேசியும் தொட முடியாத இடத்தை அவர்கள் சாம்சனில் தொடங்கி வந்து தொட்டுவிட்டார்கள்.

“நீங்க பர்மனென்ட் டீச்சர். ஒங்களுக்கு இந்தத் தலவலி இல்ல.”

என்னைப் பார்த்துச் சொன்னது செக்கிங் பெண். நான் தலையாட்டினேன். எங்கள் ஊர் வந்தது. இறங்கிக்கொண்டேன்.

நான் பர்மனென்ட் இல்லை. பதினான்கு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்குப் பதினோரு மாதம் சம்பளம், மே மாதம் கிடையாது. ஜூனில் மறுபடி பட்டியலில் பெயர் வரும்வரை தூக்கம் சரியாக வராது. ஒரு கல்லூரியில் நான்கு ஆண்டு வேலை செய்தபின், ஐந்தாம் ஆண்டு துறைக்குப் போனபோது என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கவிதைத் தொகுப்பு, முனைவர் பட்டம், கருத்தரங்க அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் போடும் பட்டங்கள் எல்லாம் இருந்தும் அந்தப் பெண்கள்முன் ‘நானும் ரிலீஸ் லிஸ்டில் இருக்கிறவள்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் என்று அவர்கள் எழுந்து தரும் சீட் போய்விடுமோ என்ற பயம். ‘கௌரவ’ என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, அந்தக் கௌரவத்தைத்தான் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். அதற்கு வழி செய்ததும் கிரிக்கெட்தான். நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பை வாங்கியிருந்தார்கள். மாத இறுதியில் பெண்கள் லீகுக்கு ஏலம் வரவிருந்தது. “அதுல நம்ம டீம் எது டீச்சர்?” என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். நம்ம டீம் இல்லை. 2023இல் பெண்கள் லீக் தொடங்கியபோது மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப்பிரதேசம் என்று ஐந்து அணிகள் வந்தன. சென்னை வரவில்லை. மதுரைப் பெண் கமலினியைப் பதினாறு வயதில், 2024 டிசம்பர் ஏலத்தில், ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு எடுத்தது மும்பை. நம் ஊர்ப் பெண் மட்டையைப் பிடித்து நின்றால் நாம் கத்த வேண்டியது மும்பைக்காக.

“அப்ப நமக்கு சண்ட போடக்கூட டீம் இல்ல” என்றார் அவர்.

அந்த வருத்தத்தில் நானும் சேர்ந்துகொண்டபோதுதான் என் மே மாதத்தைச் சொன்னேன். பதினான்கு வருடத்தையும் சொன்னேன். வேறொருவர் உட்கார்ந்திருந்த மேசையையும் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஜன்னலோரத்து அக்கா, “இம்மா நாளா சொல்லவேயில்ல பாரு” என்றார். ‘பாருங்க’ இல்லை, ‘பாரு’. அந்த விகுதி உதிர்ந்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. செக்கிங் பெண், மே மாதத்துக்குச் சீட்டு எடுக்கும்படி தேதி பார்த்துத் தன் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். சேர்த்தும்விட்டார்.

டிசம்பர் 16 அன்று அபுதாபியில் ஏலம் நடந்தது. இந்தியாவுக்கு இன்னும் ஆடியிராத இரண்டு பேரை, இருபது வயது பிரசாந்த் வீரையும் பத்தொன்பது வயது கார்த்திக் ஷர்மாவையும், சென்னை தலைக்குப் பதினான்கு கோடியே இருபது லட்சம் கொடுத்து எடுத்தது. ஜடேஜாவின் புதிய விலையைவிட இருபது லட்சம் அதிகம். மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. வீட்டில் இருந்த பெரிய மருமகளை அனுப்பிவிட்டு இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு இருந்ததையெல்லாம் போட்டுவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. இளசுகளை வளர்த்தால்தான் குடும்பம் நிற்கும் என்றது மற்றது. ரிலீஸ் ஆன ஆறு பேரில் இருவருக்கு போன் வந்திருந்தது. அவர்களும் அந்தக் கூச்சலில் இருந்தார்கள்.

“நீ இன்னா சொல்ற?” என்று என்னைக் கேட்டார்கள்.

பன்னிரண்டு வயதில் தட்டைக் கீழே வைத்ததிலிருந்து இந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. சாம்சனுக்காக ஜடேஜாவைக் கொடுத்ததுகூடச் சரிதான், ஆனால் கரனையும் சேர்த்துக் கொடுத்திருக்கக் கூடாது என்றேன். காரணமும் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன், வாத்தியார் பழக்கம்.

“அட போ டீச்சர். போன சீசன்ல ஒரே ஒரு மேட்ச் அடிச்சான் அவன்” என்று முடித்துவிட்டு, செக்கிங் பெண் மற்றவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. ஆம்பூர் வரும்வரை பேசினோம்.