நீல மருந்து, பச்சை மருந்து, மஞ்சள் பவுடர்: மீன் தொட்டிக் குறிப்புகள்

சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் கடைகளில் மருந்துக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, நிறம்தான் உண்டு. "அண்ணே, மீன் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி" என்றால், "ரெண்டு மூடி பச்சை மருந்து ஊத்துங்க சார், சரியாயிடும்" என்று பதில் வரும். எந்த பாட்டிலின் மூடி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு என்ற பேச்சே எழாது. நீலம் அநேகமாக மெத்திலீன் ப்ளூ. பச்சை என்றால் மாலகைட் க்ரீன். அதோடு ஃபார்மலின் கலந்தும் இருக்கலாம், கலக்காமலும் இருக்கலாம். மஞ்சள்தான் பெரிய சிக்கல். அக்ரிஃபிளேவின் என்ற கிருமிநாசினிச் சாயம் மஞ்சள். நைட்ரோஃப்யூரசோன் மஞ்சள். டெட்ராசைக்ளினும் மஞ்சள். பின்னவை இரண்டும் ஆன்டிபயாடிக். மூன்றுக்கும் அளவு வேறு, வேலை வேறு, நம் உடம்பில் பட்டால் விளைவதும் வேறு.

உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று அச்சடித்த சீட்டு இல்லாத பாட்டிலை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. கடைக்காரர் பெரிய கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றித் தந்தால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குழந்தை உள்ள வீட்டில் ஜூஸ் பாட்டிலில் பச்சைத் திரவம் இருக்கக் கூடாது.

*

மருந்துக்குக் கை நீளும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, செவுள் வேகமாக அடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் அம்மோனியா மீது, அடுத்தது குளோரின் மீது, அதற்கடுத்தது இரவு மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றதன் மீது. குளோரினை எடுக்கும் படிகத்தைத் தவிர, இவற்றில் எதற்கும் பாட்டிலில் மருந்து கிடையாது. கால்வாசித் தண்ணீரை மாற்றி, காற்றைக் கூட்டிவிட்டு, ஒரு நாள் பார்ப்பதுதான் வைத்தியம். மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு ஃபார்மலின் விடுவது இருக்கிற பிராணவாயுவையும் பிடுங்குவதாகும்.

*

ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு வாயுவைச் சுமார் 37 சதவீதம் தண்ணீரில் கரைத்தது. கெட்டியாகாமல் இருக்க மெத்தனாலும் 10 முதல் 15 சதவீதம் சேர்த்திருப்பார்கள். பிணவறையிலும் உயிரியல் ஆய்வுக்கூடத்திலும் வரும் அதே வாடை. 2004இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. மீன் மருந்தாக இது நல்ல மருந்துதான். செவுளிலும் தோலிலும் ஒட்டும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளை இதுபோல் அடிப்பவை குறைவு. அதனாலேயே இதை மரியாதையோடு கையாள வேண்டும்.

மூடியைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இதுதானா என்று மோந்து பார்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. கூடவே கூடாது. கண் எரியும், தொண்டை கரிக்கும். சிலருக்கு அதற்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே ஒவ்வாமை கிளம்பும். மூக்கும் சற்று நேரத்தில் வாடைக்குப் பழகிவிடும், போய்விட்டது என்று நினைப்போம். ஊற்றி அளக்கும் வேலையை பால்கனியிலோ மொட்டைமாடியிலோ வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறை வழியாக ஃபார்மலின் ஊடுருவும்; நைட்ரைல் கையுறை போட வேண்டும். கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி.

பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பாராஃபார்மால்டிஹைடு. குளிரில் வைத்தால் இப்படிப் படியும், மீனுக்குக் கடும் விஷம். குலுக்கிக் கலக்கிப் பயன்படுத்தக் கூடாது, அந்த பாட்டிலையே விட்டுவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். தயிரும் இட்லி மாவும் இருக்கும் இடம் அது என்பது இன்னொரு காரணம்.

இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: லிட்டருக்கு 5 மி.கிராம் ஃபார்மலின் போட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயுவில் 1 மி.கிராம் போய்விடும் என்பது மீன் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வழக்கமான அளவு 25. அப்படியானால் 5 மி.கிராம் போகும். 30 டிகிரித் தண்ணீர் மொத்தமே ஏழரை மி.கிராம் வாக்கில்தான் பிராணவாயு பிடிக்கும். மே மாதத்துச் சென்னையில் ஏர் பம்ப் ஓடாத தொட்டியில் ஃபார்மலின் விட்டால் மீனைக் கொல்வது நோய் அல்ல.

*

அலமாரியில் எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்பது மருந்தின் அளவைப் போலவே முக்கியம்.

ஃபார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் அநேக மீன் வளர்ப்பவர்களிடம் சேர்ந்தே இருக்கும். இரண்டும் நேராகக் கலந்தால் கொதித்துப் பொங்கி, ஃபார்மால்டிஹைடு புகையாகக் கிளம்பும். கோழிப்பண்ணைகளில் கொட்டகையைப் புகையூட்டிக் கிருமி கொல்வது இந்த முறையில்தான். ஆளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுச் செய்வார்கள். அது நம் படுக்கையறை ஷெல்ஃபில் நடக்கக் கூடாது. பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் சிந்தினாலும் சற்று நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். பெர்மாங்கனேட்டைத் தனி டப்பாவில், வெளிச்சம் படாமல், ஈரம் படாமல், மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

அதற்கு மாற்று மருந்து நம்மிடமே இருக்கிறது. குளோரின் எடுக்கக் கடையில் "ஆன்டி குளோர்" என்று வாங்கும் படிகம் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். அளவு தவறி ஊதா நிறம் அதிகமாகி மீன் துடித்தால், அதைக் கரைத்து ஊற்ற ஊற்றச் சாயம் இறங்கும். அதே காரணத்தால், பெர்மாங்கனேட் போடும் நேரத்தில் ஆன்டி குளோர் போட்டால் மருந்து வீண்.

கையில் பட்ட ஊதா சற்று நேரத்தில் பழுப்பாகும். தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை அந்தக் கறை இருக்கும்.

*

கணக்கு. 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரமுள்ள தொட்டி. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்புகிறோம். 24 × 12 × 13 = 3744 கன அங்குலம். 61ஆல் வகுத்தால் லிட்டர்: ஏறக்குறைய 61. கல், மணல், பொம்மை போகச் சுமார் 55 லிட்டர் தண்ணீர். ஃபார்மலின் லிட்டருக்கு 0.025 மி.லி. என்றால் 1.4 மி.லி. போதும். ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்சில் கோடு பார்த்து எடுக்கும் அளவு அது. மூடி ஒன்று 5 மி.லி. பிடித்து, பாட்டிலில் இருப்பது நேர் ஃபார்மலினாகவும் இருந்தால், "ரெண்டு மூடி" என்பது ஏழு மடங்கு.

பெர்மாங்கனேட் லிட்டருக்கு 2 மி.கிராம். 55 லிட்டருக்கு 110 மி.கிராம். அதை ஸ்பூனால் அள்ள முடியாது, சிட்டிகையாலும் முடியாது. 1 கிராமை நிறுத்து 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு மி.லி.யிலும் 10 மி.கிராம் இருக்கும், அதில் 11 மி.லி. எடுக்கலாம். நகை நிறுக்கும் சின்ன மின் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மருந்து வாங்குவதற்கு முன் அதை வாங்க வேண்டும்.

சமையலறை ஸ்பூன், டம்ளர், வடிகட்டி எதுவும் இந்த வேலைக்கு வரக் கூடாது. கழுவி வைத்துவிடலாம் என்றுகூட நினைக்கக் கூடாது.

*

வெள்ளைப்புள்ளி. இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒட்டுண்ணி. ரவை தூவியதுபோல் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கடியில் புதைந்திருக்கும் ஓர் உயிர். அங்கே இருக்கும்வரை தண்ணீரில் விடும் மருந்து அதைத் தொடாது. முற்றியதும் விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் சில மணி நேரத்தில்தான் மருந்து கொல்லும்.

இது தெரியாததால்தான் அளவு மீறல் நடக்கிறது. மருந்து விட்ட மறுநாளும் புள்ளி இருக்கும், சிலசமயம் கூடியும் இருக்கும். மருந்து சரியில்லை என்று இன்னொரு மூடி, அதற்கு மறுநாள் வேறு நிறம். முந்தியது தண்ணீரில் இருக்கும்போதே அடுத்தது விழும். நம் ஊர்த் தண்ணீரின் சூட்டில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். ஒரே மருந்தை, ஒரே அளவில், இடையே தண்ணீர் மாற்றி, புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர்வதுதான் முறை. கார்பன் வடிகட்டி உள்ளே இருந்தால் மருந்தை உறிஞ்சிவிடும், முதலில் அதை எடுக்க வேண்டும். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கும் லோச்சுக்கும் மாலகைட் க்ரீனைப் பாதியாகக் குறைப்பது வழக்கம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கல் உப்பே பல தொட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. லிட்டருக்கு 2, 3 கிராம், ஒரேயடியாக அல்ல, ஒரு நாளில் பிரித்துப் பிரித்து. கெளுத்திக்கும் தொட்டிச் செடிகளுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. உப்பில் கையுறை வேண்டாம், முகமூடி வேண்டாம், குழந்தையைப் பற்றிய பயம் வேண்டாம். இதை முதலில் முயலாமல் ஃபார்மலினுக்குப் போவது எனக்குப் புரியவில்லை.

*

மாலகைட் க்ரீன் பொடியாக வந்தால் இன்னும் ஆபத்து. மூடியைத் திறக்கும்போதே தூள் பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. வியர்த்த கை பட்ட இடமெல்லாம் பச்சையாகும்போதுதான் எங்கெல்லாம் பரவியது என்று தெரியும். மூச்சோடு உள்ளே போகக் கூடாத பொருள். கருவுற்ற பெண்கள் இதன் பக்கமே வர வேண்டாம். கரைசலாக விற்பதை வாங்குவதே மேல்.

மீனின் கொழுப்பில் இது நிறமற்ற வேறு வடிவமாக மாறிப் பல நாள் தங்கும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உணவு மீனுக்கு இதை அனுமதிப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் ஜிலேபி கெண்டையோ விராலோ வளர்த்துச் சாப்பிடுகிறவர்கள் வண்ண மீன் மருந்து எதையும் அந்தத் தண்ணீரில் விடக் கூடாது, வலையைக்கூட மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

*

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பற்றி ஒரு வரி: ஆர்.ஓ. தண்ணீரில் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் தொடவே வேண்டாம், காரத்தன்மை குறைந்த தண்ணீரில் தாமிரத்தின் விஷம் பல மடங்கு ஏறும். இறாலும் நத்தையும் எந்தத் தண்ணீரிலும் பிழைக்காது.

நங்கூரப் புழுவுக்குப் போடும் டிரைக்ளோர்ஃபான் பூச்சிமருந்துக் குடும்பம், ஆர்கனோபாஸ்பேட். தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஒன்றிரண்டு புழு என்றால் மீனை ஈரத்துணியில் பிடித்து இடுக்கியால் எடுத்துவிடலாம்.

*

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு குளோரோகுயின் மருந்தென்று உலகம் முழுக்கப் பேச்சு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு தம்பதி, வீட்டில் மீன் தொட்டிக்காக வைத்திருந்த குளோரோகுயின் பாஸ்பேட்டைச் சாப்பிட்டார்கள். கணவர் இறந்தார், மனைவி தீவிர சிகிச்சைக்குப் போனார். கடல் மீன்களின் தோல் ஒட்டுண்ணிக்கு அது உண்மையிலேயே பயன்படும் மருந்து. பெயர் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். அளவும் தூய்மையும் மனிதருக்கானவை அல்ல. அந்த மாதமே அமெரிக்க மருந்து நிர்வாகம் மீன் மருந்தை மனிதர் உண்ணக் கூடாது என்று எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, பிரித்து, தொட்டியில் கொட்டுகிறார்கள். வால் அழுகலுக்கு இரண்டு நாள், கொஞ்சம் தேறியதும் நிறுத்தம். அரைகுறை அளவில் பிழைத்த பாக்டீரியா தொட்டியிலிருந்து சாக்கடைக்கும் ஏரிக்கும் போகிறது. நைட்ரஜன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா வடிகட்டியில் சாக, மூன்றாம் நாள் அம்மோனியா ஏறுகிறது. மதிப்புள்ள மீன் என்றால் மீன் நோய் படித்தவரிடம் காட்டுவது நல்லது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் கொளத்தூருக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் இருக்கிறது.

*

கையில் வெட்டுக்காயம் இருந்தால் நோயுள்ள தொட்டிக்குள் விடக் கூடாது. மைகோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் உறவு. 1926இல் ஃபிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 30 டிகிரி வாக்கில் நன்றாக வளரும் என்பதால் மனிதரில் விரலிலும் புறங்கையிலும் முடிச்சாகக் கிளம்பும், ஆறாது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும். ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போனால் வீட்டில் மீன் தொட்டி இருப்பதை நாமே சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது. ட்யூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் வழக்கத்தையும் இதோடு விடலாம். மருந்து கலந்த தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

*

கண்ணில் தெறித்தால் குழாயைத் திறந்து இமையை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும், அதன் பிறகுதான் ஆட்டோ. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஃபார்மலின் உள்ளே இறங்கும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். 108. கையோடு அந்த பாட்டிலையும் கொண்டுபோக வேண்டும், மருத்துவருக்கு வேண்டியது அதிலுள்ள எழுத்து.

*

தனித்தொட்டி: அடியில் மணல் வேண்டாம், செடி வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பும், ஏர் பம்பும், ஸ்பாஞ்ச் ஃபில்டரும், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும் போதும். நோயாளி மீன் அங்கே. மருந்து கொஞ்சம், கறையும் அங்கேயே நின்றுவிடும். வெள்ளைப்புள்ளிக்கு மட்டும் இது போதாது, பெரிய தொட்டியின் அடியிலும் கூடு இருக்கும்.

சிகிச்சை முடிந்த தண்ணீரை மழைநீர் வடிகாலிலோ கிணற்றோரத்திலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றக் கூடாது. சாயமும் ஆன்டிபயாடிக்கும் கலந்ததை இரண்டு நாள் கார்பன் போட்டு ஓட்டி, கழிவறை வழியாக விடலாம். பெர்மாங்கனேட் தண்ணீர் ஊதா போய்ப் பழுப்பாகும்வரை காத்திருந்தால் போதும். அந்தக் கார்பனைக் கழுவித் திரும்பப் போடாமல், பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.