வடாம் சொல்லிக் கொடுத்த வட்டிக் கணக்கு

கணக்கில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு. பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கை இன்றைக்கும் சொல்லிக் கொண்டிருப்பவள் நான். அந்தப் பெருமையெல்லாம் 2025 ஜூன் மாதம் ஒரே நாளில் பறந்து விட்டது.

2020-ல் ஊரடங்கின்போது என் கணவரின் தையல் கடை பூட்டியே கிடந்தது. கையில் காசில்லாமல் பட்ட பாடு போதுமடா சாமி என்றாகி விட்டது. கடை திறந்ததும் அந்த ஜூன் மாதமே தபால் ஆபீஸில் மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி. தொடங்கினேன். எங்கள் தெருவுக்கு வரும் ஏஜெண்ட் அக்கா, "வட்டி 5.8 சதவீதம்மா. அஞ்சு வருஷத்துக்கும் இதேதான், மாறாது" என்றார்.

அன்று ராத்திரியே காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஐந்து வருஷத்தில் கட்டுவது 60,000. அதற்கு வருஷ வட்டி 3,480. ஐந்து வருஷத்துக்கு 17,400. ஆக 77,400! மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி அசலோடு சேருமாமே, அது வேறு. "பெண்ணைக் காலேஜில் சேர்க்கிற செலவு என் பொறுப்புங்க" என்று அவரிடம் ஜம்பமாகச் சொல்லி விட்டேன். இட்லி மாவு விற்றும், பண்டிகைப் புடவையைத் தள்ளிப் போட்டும், ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினேன்.

முடிவில் வந்தது 69,697 ரூபாய். காலேஜுக்கு வேண்டியதோ 75,000!

மறுநாள் தெருவில் அந்த அக்காவை மறித்தேன். "ஏழாயிரத்துச் சொச்சம் எங்கேக்கா போச்சு?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டு விட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. "உன் காசு எனக்கெதுக்கும்மா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினேன்.

அடுத்த வாரம் மாடியில் வடாம் பிழிந்து போட்டிருந்தேன். சாயங்காலம் எடுக்கப் போன என் பெண், "அம்மா, இந்த ஓரத்து வடாம் மட்டும் ஈரமா இருக்கே?" என்றாள்.

"அது கடைசியா பிழிஞ்சதுடி. காலையிலே பிழிஞ்சது குடிச்ச வெயிலை இதுவும் குடிச்சிருக்குமா?" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்று விட்டது.

என் 60,000 ரூபாயும் முதல் நாளே போய் உட்காரவில்லையே! முதல் ஆயிரம் 60 மாதம் இருந்தது. இரண்டாவது 59 மாதம். கடைசி ஆயிரம் ஒரே ஒரு மாதம். நானோ எல்லாவற்றுக்கும் ஐந்து வருஷ வட்டி கேட்டிருக்கிறேன்!

கீழே வந்து மறுபடி கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், சுலபம்தான். தவணை 60. அதை 61-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 1,830 மாதம். அதாவது 152½ வருஷம். ஆயிரத்துக்கு ஒரு வருஷ வட்டி 58 ரூபாய். இரண்டையும் பெருக்கினால் 8,845. இது தனி வட்டி. எனக்கு வந்ததோ 9,697. அதிகமாக வந்த 852 ரூபாய்தான் வட்டி போட்ட குட்டி.

'இவ்வளவுதானா?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இதே வட்டியில் பத்து வருஷம் கட்டினால் எவ்வளவு என்று பெண்ணைப் பார்க்கச் சொன்னேன். கட்டுவது 1,20,000. வருவது சுமார் 1,62,650. அதில் வட்டிக்கு வட்டி மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல்! வருஷம் இரண்டு மடங்குதான், குட்டியோ எட்டு மடங்குக்கு மேல். வட்டிக்கும் வெயில் காய நேரம் வேண்டும், சகோதரிகளே. இளம் தாய்மார்கள் குழந்தை தவழும்போதே தொடங்கி விடுங்கள். தவணையைத் தவற விடாதீர்கள்; தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். கணக்குத் தொடங்கும் அன்றே, 'முடிவில் கைக்கு எவ்வளவு வரும்?' என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே ஒரு டப்பா வடாமை எடுத்துக் கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவில் கேட்ட வார்த்தைக்குத் தெருவிலேயே மன்னிப்புக் கேட்டேன். "போம்மா, எனக்கும் இப்படி விளக்கத் தெரியலையே" என்று சிரித்தார். அவரிடமே மறுபடி மாதம் 1,000 ரூபாய்க்கு ஆர்.டி. தொடங்கினேன். அப்போது வட்டி 6.7 சதவீதம். 2030-ல் வரப் போவது 71,366 ரூபாய். இந்தத் தடவை காலண்டர் தாளில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.