தாத்தா துப்பாக்கியில் புதுத் தோட்டா போடலாமா?

வேளாண் அலுவலரிடம் துப்பாக்கி பற்றியும் கேட்பார்களா? அறந்தாங்கிப் பக்கம் கேட்கிறார்கள். உரிமத்தோடு கைமாறி வந்த இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மயிலையும் பன்றியையும் நம் இஷ்டத்துக்குச் சுடச் சட்டம் இடம் தராது. “சும்மா சத்தத்துக்குத்தான் சார்” என்பார்கள். சத்தத்துக்கு வெடித்தாலும் குழல் நம் கன்னத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!

இங்கிலாந்தில் துப்பாக்கியை விற்பதற்கு முன் சோதனைக் கூடத்தில் வெடித்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். லண்டனில் ஒரு கூடம். 1813இல் தொடங்கிய பர்மிங்காம் கூடம் இன்னொன்று. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை வெடித்து, குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழலைக் கழற்றினால், அதன் அடிப்பக்கத்தில் அந்த முத்திரை தெரியும்.

அதில் ‘என்.பி.’, ‘பி.என்.பி.’ எழுத்துகளையோ ‘நைட்ரோ புரூஃப்’ என்ற சொல்லையோ தேடுங்கள். இருந்தால், புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல். இல்லையென்றால் கரிமருந்துக் காலத்துக் குழல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய தோட்டா அதற்கு ஆகாது. இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த, கோலம் போட்டதுபோல் வரியோடும் குழல் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை.

1954 விதிகளுக்குப் பிறகு சோதித்தவற்றில் ‘3 டன்’ என்றும் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 3 டன் அழுத்தம் வரை கொடுக்கும் தோட்டா போடலாம் என்று பொருள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில் 3 டன்!

பலர் ஏமாறுவது நீளத்தில்தான். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. அதில் 70 மி.மீ. தோட்டா அழகாக உள்ளே போய்விடும். காரணம், அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். விரிந்த வாய் அறையைத் தாண்டிக் குறுகலான இடத்தில் முட்டும். மடையில் சாக்கைத் திணித்த வாய்க்கால் மாதிரி பின்னால் அழுத்தம் ஏறும்.

முத்திரை இருந்துவிட்டால் மட்டும் போதாது. அது குத்திய நாளின் நிலைமை. அதன் பிறகு துரு குழியாக அரித்திருக்கலாம், ஒடுக்கு விழுந்திருக்கலாம், தேய்த்துத் தேய்த்துக் குழல் மெலிந்திருக்கலாம். தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதும் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமும் காட்டுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி படம் எடுத்து வந்து காட்டினார். ‘என்.பி.’ இல்லை. வெடிக்க வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. இப்போது கடலைக் காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டியிருக்கிறார். பன்றி வரத்து குறைந்ததா என்று அறுவடை சமயத்தில் கேட்டுச் சொல்கிறேன்.