டாலருக்கு முன்னாடி உங்க அட்ரஸ்!

'திருமங்கலம்'னு சொன்னதும் உங்களுக்கு எது ஞாபகம் வருது? சென்னைக்காரங்கன்னா மெட்ரோ ஸ்டேஷன். 2017-ல் நேரு பூங்காவுக்குப் பாதாள ரயில் விட்டது அங்கேயிருந்துதான். அரசியல் ஆர்வலர்னா 2009 ஜனவரி இடைத்தேர்தலும், அதுலேர்ந்து எங்க ஊர் பேரோட ஒட்டிக்கிட்ட 'ஃபார்முலா'வும். ஆமா, நான் சொல்றது அந்த ரெண்டாவது திருமங்கலம். மதுரையிலேர்ந்து விருதுநகர் போற ரோட்டுல, கப்பலூர் டோல்கேட்டுக்குப் பக்கத்துல இருக்கே, அது! வெளியூர்ல யாராச்சும் கேட்டா 'மதுரை திருமங்கலம்'னு முழுசா சொல்லியாகணும். மதுரைக்குள்ள நின்னுக்கிட்டு அப்படிச் சொன்னா சிரிப்பாங்க. அங்கே வெறும் திருமங்கலம் போதும்.

எங்கே நிக்கிறோமோ அதைப் பொறுத்துதான் அட்ரஸோட நீளம். இதே மேட்டர் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. லினக்ஸ் லேப்ல உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும். கறுப்பு விண்டோவைத் திறந்ததும் இடது ஓரத்துல ஒரு சின்ன வரி வந்து நிக்கும். முதல்ல உங்க லாகின் பேர், ஒரு @, மெஷினோட பேர், நீங்க எந்த ஃபோல்டர்ல இருக்கீங்கங்கிற விவரம், கடைசியில ஒரு டாலர் குறி. பக்கத்துல கண்ணடிச்சுக்கிட்டு ஒரு கர்ஸர். 'நான் ரெடி, நீங்க சொல்லுங்க'ன்னு அர்த்தம். இதுக்குப் பேர்தான் ப்ராம்ப்ட்.

நான் இதை முதல்ல பார்த்தது எங்க அக்காவோட லேப்டாப்ல. 2011-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது கிடைச்சது. விண்டோஸோட கூடவே 'பாஸ் லினக்ஸ்'னு ஒண்ணும் அதுல இருந்துச்சு. சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது. வீட்டுல யாரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. படம் பார்க்கிறதுக்கு விண்டோஸ் போதும்னு விட்டுட்டாங்க. எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே!

அந்த டாலர் குறிக்கு வயசு என்ன தெரியுமா? 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாவது பதிப்புல ஸ்டீபன் போர்ன் எழுதின ஷெல்லுலயே அது உண்டு. சாதாரண யூசர்னா $, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர்னா #. அந்த ஒரே ஒரு எழுத்துல 'கையைப் பார்த்து வைப்பா'ங்கிற எச்சரிக்கை முழுசா அடங்கிடும். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதின 'பாஷ்' ஷெல்லும் அதையே வெச்சுக்கிச்சு. நம்ம லேப்கள்ல பெரும்பாலும் ஓடுறது அந்த பாஷ்தான்.

சரி, இந்த ஒத்தை வரிக்கு எதுக்கு ஒரு கட்டுரைன்னு கேட்கிறீங்களா? எங்க மினி ப்ராஜெக்ட் கதையைச் சொல்றேன்.

நாலு பேர் டீம். மதுரை மல்லி விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குதே, அதை வெச்சு ஏதாவது பண்ணலாம்னு முடிவு பண்ணினோம். எங்க ஊர்ப் பக்கம் மல்லி சாகுபடி உண்டுங்கிறதால ஐடியா என்னோடது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலையில போய், வியாபாரிங்ககிட்ட விலை கேட்டு நோட்டுல எழுதுறது, சாயங்காலம் லேப்ல இருக்கிற சர்வர்ல ஏத்துறது. மூணு வாரம் இப்படியே ஓடுச்சு. முகூர்த்த நாள்ல விலை எங்கேயோ போகும், மறுநாள் சரியும். அதைப் பார்க்கிறதே தனி த்ரில்!

ஒருநாள் டீம் நண்பன் ரெண்டு விண்டோ திறந்து வெச்சிருந்தான். ஒண்ணு அவனோட லேப்டாப். இன்னொண்ணு அங்கேயிருந்தே லேப் சர்வருக்குள்ள போன விண்டோ. ரெண்டு மெஷினையும் இன்ஸ்டால் பண்ணினப்போ யாரும் பேர் வைக்கலை. அதனால ரெண்டுலயும் 'லோக்கல்ஹோஸ்ட்'னே காட்டுச்சு. லாகின் பேரும் ஒண்ணு, ஃபோல்டர் பேரும் ஒண்ணு. கலர் கூட ஒண்ணு! லேப்டாப்ல இருந்த பழைய டெஸ்ட் டேட்டாவை அழிக்கிறேன்னு நினைச்சு, சர்வர்ல இருந்த ஃபோல்டரை அழிச்சுட்டான். லினக்ஸ்ல அந்த டெலீட் கமாண்ட் 'நிஜமாவா?'ன்னு கேட்காது. ரீசைக்கிள் பின்னும் கிடையாது. என்டர் தட்டினா தட்டினதுதான். முகம் வெளிறிப்போய் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தப்போ திட்டக்கூட வரலை. நோட்டு இருந்ததால தப்பிச்சோம். மூணு வார விலையையும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப அடிச்சோம்.

'இதெல்லாம் ஸ்டூடன்ட்ஸ் பண்ற கூத்து'ன்னு சிரிக்கிறவங்க 'கிட்லாப்' கதையைக் கேளுங்க. உலகம் முழுக்க புரோகிராமர்கள் தங்களோட கோடைப் போட்டு வைக்கிற கம்பெனி. 2017 ஜனவரி 31 ராத்திரி. டேட்டாபேஸ் சர்வர் ரெண்டு. ஒண்ணு ஒரிஜினல், இன்னொண்ணு அதோட நகல். பேர் 'டிபி1', 'டிபி2'. பிரிச்சுச் சொல்றது அந்த ஒரே ஒரு நம்பர்! நகல் எடுக்கிறதுல பிரச்னை. நேரம் போய்க்கிட்டே இருக்கு. ஒரு இன்ஜினீயர், டிபி2-ல இருக்கிற ஃபோல்டரைக் காலி பண்ணிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம்னு கமாண்டைத் தட்டினார். ஓடினது டிபி1-ல. ஒண்ணு ரெண்டு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்தினார். ஆனா கிட்டத்தட்ட 300 ஜி.பி. இருந்த இடத்துல மிஞ்சினது சுமார் 4.5 ஜி.பி.

பேக்கப் இருக்குமேன்னு தேடினா, அஞ்சு விதமான ஏற்பாடுல ஒண்ணும் கைகொடுக்கலை. அதே இன்ஜினீயர் ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காகக் கையால எடுத்து வெச்சிருந்த ஒரு காப்பிதான் கம்பெனியைக் காப்பாத்துச்சு. நடுவுல சேர்ந்த சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமெண்ட், 700 புது யூசர் கணக்கு... எல்லாம் போச்சு. அவங்க இதை மூடி மறைக்கலை. டேட்டாவை மீட்கிற வேலையை யூடியூப்ல லைவா காட்டினாங்க. என்னென்ன தப்பு நடந்துச்சுன்னு விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க. இனிமே செய்யப் போறோம்னு போட்ட வேலைப் பட்டியல்ல பேக்கப் சமாச்சாரங்களோட இதுவும் ஒண்ணு: எல்லா சர்வர்லயும் ப்ராம்ப்ட்டை மாத்தி, எது எந்த மெஷின்னு பளிச்னு தெரியற மாதிரி வைக்கணும்!

அப்போ எல்லாத்தையும் ப்ராம்ப்ட்டுலயே கொட்டிட்டா சேஃப்தானே? அங்கேதான் சிக்கல். டெர்மினல் விண்டோ வழக்கமா 80 எழுத்து அகலம். 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில 80 வரிசை. அது 1978-ல் வந்த 'விடி100' டெர்மினல் வழியா நம்ம மடிக்கு வந்து சேர்ந்திருக்கு. இதுல பேர், மெஷின், 'செமஸ்டர்5/டேட்டாபேஸ்/ப்ராக்டிகல்/எக்ஸ்பெரிமெண்ட்_09'னு முழுப் பாதை, டைம், பேட்டரி எல்லாம் போட்டா நீங்க டைப் பண்ண இடமே இருக்காது. அதைவிட மோசம், தினமும் பார்க்கிற அந்த நீள வரியைக் கண்ணு படிக்கிறதையே நிறுத்திடும். மதுரையில கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்திருக்கீங்களா? மாமா, மச்சான், பங்காளி, தெருப் பசங்கன்னு அறுபது போட்டோ. பொண்ணு மாப்பிள்ளை எங்கேன்னு தேடணும்! 'ஓ மை இஸட்ஷெல்' தீம்கள் சிலதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான்.

டவுன் பஸ் போர்டைப் பாருங்க. எங்கே போகுதுங்கிறது பெருசா, வழி சின்னதா. டிரைவர் பேர் அதுல இருக்கா? இல்லையே! என் கணக்கும் அதுதான். மாறாத விஷயத்தைத் தூக்கிடணும். மாறினா அப்போ மட்டும் காட்டணும்.

என் சொந்த லேப்டாப்ல நான் யாருன்னு எனக்கே சொல்ல வேண்டியதில்லை. பேர் அவுட்! மெஷின் பேரும் வேண்டாம், வேற மெஷினுக்குள்ள போயிருந்தா ஒழிய. 'எஸ்எஸ்ஹெச் கனெக்ஷன்'னு ஒரு வேரியபிள் இருக்கு. ரிமோட்டா உள்ளே வந்திருந்தா மட்டும்தான் அதுல மதிப்பு இருக்கும். அதை வெச்சு ஒரு 'இஃப்' போட்டா போதும். ஃபோல்டர்ல கடைசி ரெண்டு மட்டும். கிட் யூஸ் பண்ற ஃபோல்டர்னா எந்த பிராஞ்ச்ல இருக்கேன்னு. கடைசியா, முந்தின கமாண்ட் சொதப்பியிருந்தா மட்டும் அதோட எண்.

அந்த எண் பெரிய உதவிங்க. எந்த கமாண்டும் முடியும்போது ஒரு நம்பரை விட்டுட்டுப் போகும். 0-ன்னா நல்லபடியா முடிஞ்சுது. 127-ன்னா அப்படி ஒரு கமாண்டே இல்லை, ஸ்பெல்லிங்கைப் பாருங்க. 126-ன்னா ஃபைல் இருக்கு, ஓட்ட முடியலை. அனுமதி இருக்கான்னு பாருங்க. 130-ன்னா கண்ட்ரோல்-சி அடிச்சு நீங்களே நிறுத்தினது. சி லேப் மக்களுக்கு ரொம்பப் பிடிச்ச 139, பாயிண்டர் எங்கேயோ போய் முட்டி நிக்கிற செக்மெண்டேஷன் ஃபால்ட். 'கிரெப்' போட்டுத் தேடினா 1 வரும். பதறாதீங்க, தேடினது கிடைக்கலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

எப்படி மாத்துறது? உங்க ஹோம் ஃபோல்டர்ல 'பாஷ்ஆர்சி'ன்னு ஒரு ஃபைல், முன்னாடி ஒரு புள்ளியோட ஒளிஞ்சிருக்கும். அதுல 'பிஎஸ்1'ங்கிற வேரியபிள்தான் ப்ராம்ப்ட். பின்சாய்கோடு போட்டு ஒரு எழுத்து எழுதினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம். சின்ன 'யு' போட்டா யூசர் பேர், சின்ன 'ஹெச்' மெஷின் பேர். சின்ன 'டபிள்யூ' முழுப் பாதை, பெரிய 'டபிள்யூ' கடைசி ஃபோல்டர் மட்டும். பின்சாய்கோடும் டாலரும் சேர்ந்தா, நீங்க சாதாரண ஆளான்னு பார்த்து $ அல்லது # தானா வரும். கடைசி ரெண்டு ஃபோல்டர் மட்டும் வேணும்னா 'ப்ராம்ப்ட்', 'டிர்ட்ரிம்' ரெண்டு வார்த்தையையும் கேபிடல்ல எழுதி, அண்டர்ஸ்கோரால சேர்த்து, 2-ன்னு மதிப்புக் கொடுங்க. 2009-ல் வந்த பாஷ் 4-லேர்ந்து இந்த வசதி இருக்கு. கிட் பிராஞ்ச் காட்டுறதுக்கு கிட்டோடயே ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வருது. அதைக் கூப்பிட்டா போதும். ரொம்பப் பெரிய ப்ராஜெக்ட்ல அது ஒவ்வொரு என்டருக்கும் லேசா இழுக்கும், அவ்வளவுதான்.

மாட்டிக்கிற இடம் மூணு இருக்கு. ஒண்ணு, பிஎஸ்1 மதிப்பை ஒற்றை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. இரட்டை மேற்கோள் போட்டா பிராஞ்ச் பேர் ஒரு தடவை மட்டும் கணக்காகி, நீங்க எங்கே போனாலும் அதுலயே உறைஞ்சு நிக்கும். ரெண்டு, அந்தச் சொதப்பல் எண்ணை எல்லாத்துக்கும் முதல்ல பிடிச்சு ஒரு வேரியபிள்ல வெச்சுடுங்க. நடுவுல வேற ஏதாவது ஓடினா அதோட நம்பர் வந்து உட்கார்ந்துக்கும். மூணாவது ரொம்ப விஷமம். கலர் குறியீடுகளைச் சுத்தி பின்சாய்கோடு போட்ட சதுர அடைப்புக்குறி கட்டாயம் வேணும். அது இல்லாட்டி, கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துக்களையும் பாஷ் நீளக் கணக்குல சேர்த்துக்கும். நீளமான கமாண்ட் அடிக்கும்போது அடுத்த வரிக்குப் போகாம அதே வரி மேலேயே திரும்ப எழுத ஆரம்பிக்கும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும்!

ஜூனியர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ்: டாலர் காணாமப் போய் வெறும் > மட்டும் வந்து நின்னா சிஸ்டம் ஹேங் ஆகலை. அது 'பிஎஸ்2'. எங்கேயோ மேற்கோள் குறியை மூடாம விட்டிருக்கீங்க. கண்ட்ரோல்-சி!

ஃபைலை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்கோங்க. பழைய விண்டோவை மூடாம, புது விண்டோ திறந்து டெஸ்ட் பண்ணுங்க. அந்த ஃபைல் ஒவ்வொரு மெஷின்லயும் தனித்தனியா இருக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க. அதுதான் நமக்கு லாபம். எங்க லேப் சர்வர்ல இப்போ மெஷின் பேர் சிவப்புப் பின்னணியில வருது. டீம் நண்பன் அவன் லேப்டாப்புக்குப் பச்சை போட்டுக்கிட்டான்.

எனக்கு இன்னொரு ஆசை. மெஷின் பேருக்குப் பதிலா தமிழ்ல ஒரு எழுத்து வெச்சா என்ன? முதல்ல 'தி' வெச்சுப் பார்த்தேன், திருமங்கலத்துக்காக. டெர்மினல் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம்தான் கொடுக்கும். 'த' ஒரு கட்டத்துல, கொக்கி பக்கத்துக் கட்டத்துலன்னு பிரிஞ்சு நின்னுச்சு. வேற டெர்மினல்ல கர்ஸர் ஒரு எழுத்து தள்ளிப் போய் நின்னுச்சு. 'ண' வெச்சா பக்கத்து எழுத்தையே மூடிடுச்சு. கடைசியில 'ம'தான் செட் ஆச்சு. லேசா வலது பக்கம் இடிக்குது, பரவாயில்லை. மங்கலத்தோட 'ம'ன்னு நான் சொல்றேன், மல்லியோட 'ம'ன்னு நண்பன் சொல்றான். அதுக்கப்புறம் கடைசி ரெண்டு ஃபோல்டர், பிராஞ்ச், டாலர். நேத்து எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 22 கட்டம். மிச்சம் 58 எனக்கு!