கூண்டிலிருந்து கூட்டுக்கு

முட்டைக்காகக் கூண்டுகளில் வளர்க்கப்படும் கோழிகளின் பயன்காலம் மிகக் குறுகியது. அது முடிந்தபின் அவற்றுள் சிலவற்றை மீட்டு, வீட்டுத் தோட்டங்களில் வாழவைக்கும் பணி இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. அத்தகைய கோழிகளுக்காக ஒரு வீடு ஆயத்தமான விதத்தையும் அவ்வீட்டார் கற்றுக்கொண்டதையும் இப்பாடம் கூறுகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ளது டெவன் மாவட்டம். பசும்புல் மேடுகளும் வேலி சூழ்ந்த வயல்களும் நிறைந்த அம்மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் தம் மனைவியுடன் வாழ்ந்து வந்தார். கூண்டுக்கோழிகள் நான்கினை வாங்கி வளர்க்கவேண்டும் என்ற எண்ணம் மனைவியுடையது. கூடு செய்யும் பொறுப்பு கணவருடையது. தச்சர் சிறுவயதில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். கோழியின் இயல்பு தமக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்தி சாயும்போது கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் நுழைந்து, உத்தரத்தின்மேல் தாவி அமர்வதை அவர் பார்த்திருக்கிறார். அந்நினைவைக் கொண்டே, கூட்டின் உள்ளே மூன்றடி உயரத்தில் ஒரு கழியைப் பொருத்தினார். வாயிலுக்கு ஏறச் செங்குத்தான சிறிய ஏணி ஒன்றையும் செய்தார். மரவேலை நேர்த்தியாக அமைந்தது.

மீட்பு அமைப்பினர் அனுப்பிய குறிப்பேடு மறுவாரம் வந்து சேர்ந்தது. கழி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திற்கு மேல் வேண்டா. ஏணிக்கு மாறாகச் சாய்வு குறைந்த அகலமான பலகை வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழிகள் அடையாளம் காணாமல் போகலாம். இருட்டியதும் அவற்றை நீங்களே தூக்கிக் கூட்டினுள் வைக்கவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. தச்சருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருங்கே வந்தன. "கோழிக்கா அடையத் தெரியாது?" என்றார். மனைவி மறுமொழி சொல்லவில்லை. குறிப்பேட்டை மட்டும் மேசைமேல் திறந்து வைத்தார்.

கூண்டின் கணக்கு

அக்கேள்விக்கு விடை கூண்டில் இருக்கிறது. ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பண்ணை விலங்குகள் எந்திரங்களாக நடத்தப்படுவதைக் குறித்து 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் எழுப்பிய கொந்தளிப்பின் விளைவாகப் பிரித்தானிய அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965இல் அக்குழு அளித்த அறிக்கை, விலங்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து செயல்களுக்கேனும் இடம் வேண்டும் என்றது: எழுந்து நிற்றல், படுத்தல், திரும்புதல், உடலைக் கோதித் தூய்மை செய்தல், கைகால்களை நீட்டல். ஓர் உயிரின் உரிமைப் பட்டியல் இவ்வளவு சிறிதாக இருக்க முடியுமா என்று வியக்கத் தோன்றும். அச்சிறு பட்டியலும் சட்டமாக வடிவெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பழைய கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்கு ஒதுக்கப்பட்ட இடம் 550 சதுர சென்டிமீட்டர். மாணவர் எழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய ஆணையின்படி, 2012 சனவரி முதல் நாள் தொட்டு அக்கூண்டு தடை செய்யப்பட்டது. அதனிடத்தில், கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும் முட்டையிட மறைவிடமும் தரையிலிருந்து சிறிதே உயர்ந்த கழியும் கொண்ட புதுக் கூண்டு வந்தது. பழையதினும் இது மேல்தான். ஆயினும் அக்கழிக்கு மேல் ஏறிப் பழகக் கோழிக்கு வழியில்லை; சிறகை முழுதும் விரித்து அடித்துப் பறக்கவும் வெளியில்லை. மின்விளக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் எரிந்து அணையும். பகல் மெல்லக் குன்றி அந்தியாவதை அக்கோழி கண்டதே இல்லை. அந்தியையே அறியாத பறவைக்கு அடையும் நேரம் எங்ஙனம் தெரியும்?

உடலின் நிலை இன்னும் கொடிது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகள் இடும். முட்டைக்கெனத் தேர்ந்து உருவாக்கப்பட்ட இனமோ ஏறத்தாழ 300 இடுகிறது. முட்டையோடு ஒவ்வொன்றிலும் சுமார் 2 கிராம் சுண்ணச்சத்து உண்டு. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அப்போது தீவனத்திலிருந்து கிடைப்பது போதாமையால், உடல் தன் எலும்பையே கரைத்து ஓட்டுக்குத் தருகிறது. நாள்தோறும் இவ்வாறு கடன் கொடுத்த எலும்பு, நடமாட்டமும் இல்லாததால் மெலிந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. மூன்றடி உயரத்திலிருந்து குதித்தால் அக்கோழியின் காலோ மார்பெலும்போ முறிந்துபோகக்கூடும்.

கோழிக்கு ஒன்றரை வயது ஆகும்போது முட்டையின் எண்ணிக்கை குறையத் தொடங்கும். தீவனச் செலவுக்கு வரவு கட்டாது. ஐந்தாறு ஆண்டுகள் வாழக்கூடிய பறவை அப்போதே இறைச்சிக்கூடத்திற்கு அனுப்பப்படுகிறது. இந்நிலையைக் கண்ட ஜேன் ஹோவார்த் என்பவர் 2005இல் டெவனில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பண்ணையாளரைப் பழிக்காமல் அவர்களுடன் பேசி, அனுப்பப்படவிருக்கும் கோழிகளைப் பெற்று வீடுகளுக்கு அளிப்பது அதன் வழி. பின்னர் வேறு அமைப்புகளும் தோன்றின. பண்ணையாளரும் மலிவான முட்டையைக் கேட்கும் சந்தைக்குக் கட்டுப்பட்டவரே என்பதை அவர்கள் மறக்கவில்லை. தமிழ்நாட்டின் நாமக்கல் பண்ணைகளிலும் கூண்டு முறையே பெரிதும் வழக்கில் உள்ளது. பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் முட்டையை வைத்ததும் அம்முறைதான். எனவே எளிதாகத் தீர்ப்புக் கூறிவிட்டு நகரக்கூடிய செய்தியன்று இது.

ஒரு சாண் உயரம்

தச்சர் கழியைக் கழற்றினார். ஒரு சாண் உயரத்தில் மீண்டும் பொருத்தினார். கூர்விளிம்பு காலை உறுத்தாதவாறு இழைத்து உருட்டினார். ஏணி விறகாயிற்று. அதன் இடத்தில் அகலமான பலகை ஒன்று சாய்வாக வந்தது. வழுக்காமல் இருக்க அதன் குறுக்கே மெல்லிய சட்டங்களை அறைந்தார். கூட்டினுள் மரச்சீவல் பரப்பினார்கள். வைக்கோலைப் போன்ற காய்ந்த புல் மலிவாகக் கிடைத்தாலும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துக் கோழியின் மூச்சைக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தனர். காற்று மேற்புறமாக வந்து போகத் திறப்புகளும் அமைந்தன.

அடுத்தது நரி. டெவனில் நரிக்குப் பஞ்சமில்லை. கடைகளில் கோழிவலை என்னும் பெயரில் விற்கும் மெல்லிய கம்பிவலை, கோழி வெளியேறாமல் தடுக்குமேயன்றி நரி உள்ளே வராமல் தடுக்காது. நரி அதைக் கடித்துக் கிழித்துவிடும். ஆகவே கணுக்கள் பற்றவைக்கப்பட்ட தடித்த வலையை வாங்கி, அடிப்புறத்தை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்து, வெளிப்புறமாக மடக்கிவிட்டார். இந்த ஒரு வேலைக்கே நான்கு நாள் பிடித்தது. முதுகுவலி ஒரு வாரம் நீடித்தது.

மனைவியின் பணிகள் வேறு. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல், ஒரே ஒரு கோழி வளர்ப்பவரும் அரசிடம் பதிவு செய்தாகவேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும்போது செய்தி சேர்வதற்கான ஏற்பாடு அது. சமையலறையில் மிஞ்சிய உணவைக் கோழிக்கு இடுவதும் அங்கே சட்டப்படி குற்றம். பழைய சோற்றைக் கோழிக்கு இறைத்துப் பழகியவருக்கு இது வியப்பாக இருக்கும். ஆதலால் தீவனம் கடையிலிருந்தே வந்தது. அதிலும், பண்ணையில் உண்டு பழகிய மாவுத் தீவனத்தையே முதலில் தரவேண்டும். உருண்டைத் தீவனத்தை உணவென்று கோழி அறியாது. வேலியின் ஒரு மூலையில், மழை படாத இடத்தில், பழைய பெட்டி ஒன்றில் உலர்மண்ணும் மணலும் மரச்சாம்பலும் கலந்து நிரப்பினார். கோழி நீரில் குளிப்பதில்லை. மண்ணில் புரண்டே உண்ணியையும் பேனையும் உதிர்க்கும். இறகில்லாக் கோழிகளுக்கென அவர் ஆசையாகக் கம்பளிச் சட்டை ஒன்றும் பின்னினார். அது கோழியின் உடல்கோதலைத் தடுக்கும், மழையில் நனைந்தால் குளிரையே கூட்டும் என்று பின்னர் அறிந்து, பெட்டியில் மடித்து வைத்துவிட்டார்.

வருகை

ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் நான்கு கோழிகளும் அட்டைப் பெட்டிகளில் வந்தன. கழுத்தும் மார்பும் இறகின்றிச் சிவந்திருந்தன. வெளுத்துப் பெருத்த கொண்டை கண்ணை மறைத்துச் சரிந்து கிடந்தது. தேய்க்க மண் கிடைக்காததால் நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. பெட்டியைத் திறந்தபின்னும் அவை வெளிவரவில்லை. நெடுநேரம் கழித்து ஒன்று புல்லின்மேல் ஒரு காலை வைத்தது, உடனே தூக்கிக்கொண்டது. கம்பியையன்றி வேறெதையும் மிதித்தறியாத கால் அது.

தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகிலேயே அவை தாகத்துடன் நின்றன. பண்ணையில் குழாயின் நுனியைக் கொத்தினால் நீர் சொட்டும். தேங்கி நிற்கும் நீரை அவை கண்டதில்லை. மனைவி ஒவ்வொன்றின் அலகையும் மெல்ல நீரில் தொட்டு எடுத்தார். அந்தி வந்தது. நான்கும் வேலியோரம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, இருளில் அசையாமல் நின்றன. தச்சர் விளக்குடன் சென்று, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டினுள் வைத்தார். இறகு நிறைந்த உடலின் கனத்தை எதிர்பார்த்த கைகளுக்கு எலும்பும் வெப்பமுமே கிடைத்தன. அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஒரு கோழி எழவில்லை. நோயின் அறிகுறி எதுவும் முந்தைய நாள் தென்படவில்லை. நன்றாகத் தின்றது, பிற்பகலில் வெயிலில் சிறகை விரித்துப் படுத்திருந்தது. இப்படி நேரலாம் எனக் குறிப்பேடு முன்னரே எச்சரித்திருந்தது. எனினும் மனைவி தம் கவனக்குறைவோ என்று பல நாள் வருந்தினார். ஆப்பிள் மரத்தடியில் தச்சர் குழி தோண்டினார். நரி தோண்டி எடுக்காதபடி, மிஞ்சிய தடித்த வலைத்துண்டை மேலே பரப்பி மண்ணிட்டு மூடினார். ஒன்பது நாள்களுக்காகவா ஒரு மாதம் உழைத்தோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தப் பிற்பகல் வெயிலைத்தான் மனைவி விடையாகச் சொல்லியிருப்பார்.

மற்ற மூன்றும் தேறின. மூன்றாம் வாரத்தில் ஒன்று மண்பெட்டியில் தற்செயலாக இறங்கிக் காலால் சீய்த்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, மண்ணை முதுகின்மேல் வாரி இறைத்துக்கொண்டது. யாரும் அதற்குக் கற்பிக்கவில்லை. மற்ற இரண்டும் அதைப் பார்த்து நின்றுவிட்டு, தாமும் இறங்கின. கழுத்தில் முள்போலப் புதிய இறகுகள் முளைத்தன. கொண்டை சுருங்கிச் செந்நிறம் பெற்றது. ஒரு மாலை தச்சர் விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்திற்குச் சென்றபோது, வேலியோரம் எதுவும் இல்லை. பதறிக் கூட்டைத் திறந்தார். மூன்றும் கழியின்மேல் வரிசையாக அமர்ந்திருந்தன.

ஆகஸ்டு மாதத்தில் அவர் திருகாணிகளைக் கழற்றி, அக்கழியை நான்கு விரற்கடை உயர்த்திப் பொருத்தினார்.