தெரிந்ததைச் சொல்லிவிடு

அன்புள்ள தம்பி முரளிக்கு,

இங்கே அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, சாயங்காலம் தெருமுனை வரை நடக்கிறாள். நீ ராத்திரி கண் விழிக்கக் கூடாதாம், எழுதச் சொன்னாள்.

எனக்கு உன்மேல் கோபம்டா. நீ எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரில் சித்தி உறுப்பினர் பட்டியலை ஏற்றினால், 'ஃபைல் செல்லாது' என்று மட்டும் வருகிறது. எந்த வரி, என்ன பிழை, ஒன்றும் கிடையாது. தனக்குத்தான் கம்ப்யூட்டர் வரவில்லை என்று நினைத்து, உனக்குப் போன் செய்யவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தாள். நான் திறந்து பார்த்தேன். ஒருவருடைய முகவரிக்குள் கமா. முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை. கட்டங்களைப் பிரிப்பதும் கமாதான்; அதனால் ஒரு கட்டம் கூடிவிட்டது. அந்த வரியில் நின்றபோதே உன் சாஃப்ட்வேருக்கு இது தெரியும். தெரிந்ததை விழுங்கிவிட்டதே, அதுதான் என் ஆற்றாமை.

'214ஆம் வரியில் 6 கட்டம் இருக்க வேண்டும், 7 இருக்கிறது. முகவரியில் கமா இருக்கிறதா பாருங்கள்' என்று வந்திருந்தால் சித்தியே திருத்தியிருப்பாள்.

நீ தினமும் புழங்கும் பைத்தானையே பார். அடைப்புக்குறியை மூட மறந்தால், முன்பெல்லாம் பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டிக் குற்றம் சொல்லும். 2021இல் வந்த 3.10 முதல், திறந்த குறி மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தையே காட்டுகிறது. ஃபைலைப் படிக்கும்போது தடுக்கும் இடம் ஒன்று, பிழை இருக்கும் இடம் வேறொன்று. சித்திக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொன்று. இடத்தைச் சொல்ல பைட்டை எண்ணாதே. யூடிஎஃப்-8இல் 'கு' 6 பைட்; சித்தியின் கண்ணுக்கு அது ஒரே எழுத்து. தமிழ்ப் பெயர்கள் உள்ள வரியில் அந்த எண் எங்கேயோ கொண்டுபோய் விடும். வரியையே எடுத்துப் போட்டு, பிழையான கட்டத்தைக் காட்டு. முதல் பிழையோடு நின்றுவிடாமல், மற்ற வரிகளின் பிழைகளையும் சேர்த்தே சொல்.

நல்ல ஃபைலை நீயே கெடுத்துப் பார்: ஒரு மேற்கோள் குறியை எடு, பாதியில் வெட்டு. ஒவ்வொன்றுக்கும் வரும் செய்தியை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டு. அவளுக்குப் புரிந்தால் போதும்.

இந்த வாரமே சரிசெய்து அனுப்பு. அனுப்பியதும் நீயே சித்திக்குப் போன் செய்து, தப்பு அவள் மேல் இல்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா