திருமணப் புகைப்படத் தொழிலும் சமூக ஊடகமும்

திருமணப் புகைப்படக்காரருக்கு வேலை வரும் வழி தமிழ்நாட்டு நகரங்களில் மாறிவிட்டது. பேருந்து நிலையத்துச் சாலையில் ஒரு ஸ்டுடியோ, அதன் கண்ணாடியில் பெரிதாக்கி மாட்டிய மணப்பெண் படம், 'போன மாசம் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்தான் எடுத்தார்' என்ற உறவினரின் சிபாரிசு ஆகிய மூன்றும்தான் முன்பு தொழிலைத் தாங்கின. இப்போது நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மணமக்கள் இன்ஸ்டாகிராமைத் திறக்கிறார்கள். ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டுவதற்கு முன்பே யாரைக் கூப்பிடுவது என்று பாதி முடிவாகிவிடுகிறது.

மாற்றத்துக்குக் கருவியும் காரணம், இணையமும் காரணம். 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2 புகைப்படத்தோடு முழு ஹெச்டி வீடியோவையும் எடுத்தது. சினிமாச் சாயல் கொண்ட கல்யாண வீடியோ சிறிய குழுக்களின் கைக்கு எட்டியது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் சரிந்து, சிற்றூர்களிலும் வீடியோ பார்ப்பது அன்றாடப் பழக்கமானது. குறுவீடியோ செயலியான டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது.

படங்களை இணையத்தில் வெளியிட்டே பெயர் பெறும் பாதையில் முன்பே நடந்தவர்கள் வலைப்பதிவர்கள். நியூயார்க் தெருக்களில் நன்றாக உடுத்தியவர்களைப் படமெடுத்த ஸ்காட் ஷூமன் 2005-இல் 'தி சார்ட்டோரியலிஸ்ட்' வலைப்பதிவைத் தொடங்கினார். 2009-இல் அது புத்தகமானது. சிகாகோவில் கடன்பத்திர வணிக வேலையை இழந்த பிராண்டன் ஸ்டான்டன், 2010-இல் 'ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்' என்ற பெயரில் அந்நகர மக்களைப் படமெடுக்கத் தொடங்கினார். பத்தாயிரம் பேரைப் படமெடுத்து நகர வரைபடத்தில் பொருத்துவது அவருடைய முதல் திட்டம். படத்தோடு அவரவர் பேச்சையும் சேர்த்து வெளியிட்ட பிறகே அது பெரும் வாசகர் கூட்டத்தை ஈர்த்தது. எடுத்துக்கொண்ட பொருளை விடாமல் பிடித்ததும், இடைவெளியின்றி வெளியிட்டதும், படத்துக்குத் துணையாகச் சொல் சேர்த்ததும் இவர்களை வளர்த்தன. திருமணத் தொழிலுக்கும் இவை பொருந்தும்.

மண்டபத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. டிரெடிஷனல் எடுப்பவர் மணவறைக்கு நேர் எதிரே பிளாஷுடன் நிற்கிறார். சடங்கும் உறவினர் வரிசையும் அவர் பொறுப்பு. கேண்டிட் எடுப்பவர் தூணோரமாக நின்று, நீள லென்ஸில் தாயின் கண்ணையும் தோழியின் சிரிப்பையும் தேடுகிறார். லைட் பிடிக்கும் பையன் இருவர் சட்டகத்திலும் விழாமல் நகர வேண்டும். கெட்டிமேளம் ஒலிக்கும்போது ஹோமப் புகை, பறக்கும் அட்சதை, குறுக்கே நீளும் கைபேசிகள் எல்லாம் ஒன்றாக வருகின்றன. முதல் முடிச்சு விழுவதற்கு மறுவாய்ப்பு கிடையாது. அதனால்தான் ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டுகளில் பதியும் கேமராவை விரும்புகிறார்கள். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்த பிறகே கார்டை அழிப்பது நல்ல குழுக்களின் வழக்கம்.

ஒரு திருமணத்தில் எடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் பொதுவெளிக்குப் போவது சிலவே. எடிட்டர் அவற்றை நான்குக்கு ஐந்து என்ற நெடுக்கு விகிதத்தில் வெட்டுகிறார். கைபேசித் திரையை அது நன்றாக நிரப்பும். நிறத்தை எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றாவிட்டால் அரக்குப் பட்டு சில திரைகளில் மங்கித் தெரியும். முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் இந்தத் தொழிலின் பெரிய குறை. மாநிறத்தை மாநிறமாகவே அழகாகக் காட்டுபவரே ஒளியை அறிந்தவர். மேக்கப் கலைஞர், அலங்காரம் செய்தவர், மண்டபம் என எல்லோரையும் பதிவில் இணைத்தால் அவர்களும் அதைப் பகிர்கிறார்கள். அடுத்த மணமக்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். நலங்கு, ஊஞ்சல், காசி யாத்திரை என்று சடங்கின் பெயரையும் ஊரையும் இரண்டு வரியில் எழுதினால், படம் பார்ப்பவர் மனதில் தங்கும், தேடுபவர் கண்ணிலும் படும்.

ரீலுக்கு ஆயுள் குறைவு. முழுத் திருமணத்தையும் வரிசையாகக் காட்டும் சொந்த இணையதளமோ வலைப்பதிவோ பல ஆண்டுகளுக்குப் பின்னும் கூகுள் தேடலில் ஆளைக் கொண்டுவரும். அடுத்தவர் தளத்தை மட்டும் நம்புவதில் ஆபத்தும் உண்டு. 2004-இல் தொடங்கிய பிளிக்கர், 2018-இல் கைமாறிய பின் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் என்று வரம்பு விதித்தது. மூலப் படங்கள் தன்னிடம் இருந்தவருக்கே அதனால் கவலையில்லை.

லைக் வருமானம் ஆகாது. எழுத்தில் உள்ள ஒப்பந்தமும் முன்பணமுமே வருமானம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். புகைப்படக்காரர் தன் பக்கத்தில் வெளியிட வேண்டுமானால் அந்த அனுமதியை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். எந்தப் படங்கள், குழந்தைகளின் படம் உண்டா, மணமகள் அறைப் படங்கள் வேண்டாமா என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது. வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கும் அதே உழைப்பைத் தருபவரின் பெயர்தான் ஊரில் நிலைக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் ஆல்ப வேலை முடிகிறது, பழைய படங்கள் வகைப்படுத்தப்படுகின்றன, இணையதளம் புதுப்பிக்கப்படுகிறது. வளைகாப்பு, காதுகுத்து, குழந்தைப் படம் என்று சிலர் வேறு வேலைகளுக்கும் போகிறார்கள். தை பிறந்ததும் வரும் அழைப்புகளுக்கு இந்தக் காலத்து உழைப்பே அடித்தளம்.

இந்தத் தொழிலில் ஒரு அநீதி நீடிக்கிறது. நாள் சம்பளத்துக்கு வந்து படமெடுத்த இரண்டாம் கேமராக்காரர், இரவெல்லாம் நிறம் திருத்திய எடிட்டர், ஆல்பம் வடிவமைத்தவர் ஆகியோரின் பெயர் ஸ்டுடியோவின் பதிவில் வருவதில்லை. தன் பெயரில் காட்டப் படமில்லாதவருக்கு அடுத்த வேலையோ கூலி உயர்வோ எளிதில் கிடைக்காது. மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் பெயர் போடும் ஸ்டுடியோக்கள் உழைத்த தோழர்களின் பெயரையும் அதே வரியில் போட வேண்டும். எந்தப் படத்தை யார் தம் பக்கத்தில் வெளியிடலாம் என்பதையும் வேலைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.